பலகையில் 1147

என் வாழ்க்கையில் நானாகத் தொடங்கி உருப்பட்ட காரியம் ஒன்றே ஒன்றுதான். அதை வைத்தே ஒரு மனிதனைக் கிட்டத்தட்டக் கொன்றும் இருக்கிறேன். மற்றபடி நான் பரம சாது. கொசுவை அடித்தால்கூட அடி என் கன்னத்தில்தான் விழும், கொசு பறந்துவிடும்.

ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. பத்து டன் இரும்பைச் சங்கிலியால் சுற்றி, கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கொக்கியில் மாட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்ட வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு. கீழே என்றால் இறக்கு. உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. மேலே கூண்டில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். மீதிக்கு அவன் என் கையைத்தான் நம்ப வேண்டும்.

எண்பதுகள் முழுக்க அந்தக் கூண்டில் இருந்தவன் என் நண்பன். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவன். நாள் முழுக்க உயரத்தில் தனியாக இருந்துவிட்டுச் சாப்பாட்டு மணிக்கு ஏணியில் இறங்கி வருவான்.

"இன்னாடா, வயுக்கை வியுந்துகினே கீது உனுக்கு? உன் பொண்டாட்டிக்கு முன்னாடி எனுக்குத்தான் தெரியுது பாரு."

தொழிற்சாலையில் எங்கள் பிரிவை ஷாப் என்போம். அதன் வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு பித்தளை டோக்கன், டோக்கனில் ஆளின் எண். காலையில் சங்கு ஊதி முடிப்பதற்குள் உன் டோக்கனை எடுத்துப் பெட்டிக்குள் போட்டால் நீ வந்தவன். போடாவிட்டால், டைம்கீப்பர் முன்னால் நின்று நீ பல்லைக் காட்டினாலும் வராதவன். அவன் எண் 1147. என்னுடையது 1152.

அவன் வருகிற ரயில் தாமதமானால் என்னுடையதோடு அவனுடையதையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். பெட்டிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு கேட்கும். அதை மறைக்க நான் பலமாக இருமுவேன். வருஷக்கணக்காக எனக்கு ஆஸ்துமா என்று டைம்கீப்பர் நம்பிக்கொண்டிருந்தார். நான் தாமதமானால் அவன் போடுவான். மாட்டினால் மெமோ. மாட்டாவிட்டால், யாருக்காகப் போடப்பட்டதோ அவன் டீ வாங்கித் தர வேண்டும். ஷாப்பின் சட்டம் அது. இதைத் தப்பு என்று எங்களில் ஒருவனும் நினைத்ததில்லை. கூட்டாளியின் டோக்கன் ஆணியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிறவனைத்தான் மனிதனாகவே மதிக்க மாட்டோம்.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் மாலை போட்டு அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள் தொண்ணூறுகளின் நடுவில் திசைக்கொருவராகப் போய்விட்டோம். நான் ஆவடியிலேயே ஒரு மாடிப் போர்ஷனில். சிலர் அம்பத்தூரில், சிலர் பூந்தமல்லிப் பக்கம். கிரேன்காரன் வேப்பம்பட்டில் மனை வாங்கி வீடு கட்டினான். ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷ நடை. நாலு பக்கமும் கல் நட்ட காலி மனைகள், நடுவில் இவன் வீடு மட்டும். அங்கே போன இரண்டாம் வருஷம் மனைவி இறந்தாள். ஒரே மகள், திருச்சியில் டீச்சர். அவள் கூப்பிட்டும் இவன் போகவில்லை.

"கூண்டுலயே காலத்த ஓட்னவன்டா நானு. இங்க ஊடு பெர்சா, காத்து வேற வருது. இத்த உட்டுட்டு எங்க போறது?"

அந்தச் சமயத்தில் பூந்தமல்லியில் இருந்த எங்கள் வெல்டர் ஒருவர் காலமானார். எங்களுக்குத் தெரிந்தபோது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. ஷாப்பில் ஒரு நாள் டோக்கன் விழாவிட்டால் பத்து மணிக்குள் "அவனுக்கு என்னாச்சு?" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். அது என்னை உறுத்தியது. உறுத்தல் வந்தால் சும்மா இருக்க மாட்டேன், ஏதாவது செய்து வைப்பேன்.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஓர் அம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்தார். தட்டச்சுக்கு ஆள் வருவது நின்றுபோக, பாதி மெஷின்களை விற்றுவிட்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, பழைய போர்டிலேயே 'இண்டர்நெட்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ஒருவர் எழுதினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச்சேரும் ஒரு வசதி இருப்பதாக அவர்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வசதிக்குப் 'பலகை' என்று பேர் வைத்தேன். திங்கள், வியாழன் இரண்டு நாளும் மதியம் பன்னிரண்டுக்குள் ஒவ்வொருவரும் தன் டோக்கன் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். யாருடையது வரவில்லையோ அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ஆட்களை உள்ளே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. லேத்தில் கை விட்டு வேலை செய்தவர்கள், கம்ப்யூட்டர் மவுஸைத் தொடப் பயந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார். இன்னொருவர் மவுஸைத் தூக்கித் திரையிலேயே வைத்துத் தேய்த்தார். நான் சிரிக்கவில்லை. முதல் நாள் நான் அதைக் காதில் வைத்து 'ஹலோ' சொன்னதை அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை என்ற நன்றி எனக்கு இருந்தது. யார் எழுத்தையும் யாரும் திருத்தக் கூடாது, புதிதாக வருகிறவரை முதல் நாளே எல்லோரும் டோக்கன் எண் சொல்லி வரவேற்க வேண்டும் என்று வைத்தோம். பூந்தமல்லி வெல்டரின் மனைவி, "அவரு நம்பர்ல நான் வரலாமா?" என்று கேட்டார். வரச் சொன்னோம். பத்தொன்பது பேர் சேர்ந்தோம்.

எல்லோருக்கும் கணக்கைத் திறந்துகொடுத்தது நான். பாஸ்வேர்டு மறந்துபோகும் என்று புலம்பினார்கள். அதனால் டோக்கன் எண்ணையே இரண்டு தரம் சேர்த்து எழுதிப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள். பத்தொன்பது வீட்டுக்கும் ஒரே சாவி, அது என் பையில்.

பலகைக்கு டைம்கீப்பர் வேண்டும் அல்லவா? எங்கள் பழைய சூப்பர்வைசர் அம்பத்தூரில் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, சூப்பர்வைசரிடமிருந்து கிடைக்கவில்லை. கிரேன்காரன் வீட்டில் போன் கிடையாது, மனு போட்டுக் காத்திருந்தான். அவன் ரயிலேறி ஆவடிக்கு வந்து டோக்கன் போட வேண்டும். ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் எழுதினார்: '1147 தாமதம். சர்வீஸில் இருந்த பழக்கம் இன்னும் போகவில்லை.'

கிரேன்காரன் அதைப் படித்துவிட்டு எழுந்தான். வெளியே வந்து, "ரிட்டேர் ஆயும் இந்தாள் வாயில வியுணுமா மாமே?" என்றான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கும் அவன் வரவில்லை.

டைப்ரைட்டிங் அம்மாவின் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தக் கடிகாரத்தை விட்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மனுஷர் பன்னிரண்டு மணிக்கு என்ன எழுதுவார் என்பதுதான். சாவி என் பையில். அவன் கணக்கைத் திறந்தேன். அவன் எப்போதும் எண்ணை மட்டும் எழுதி ஒரு புள்ளி வைப்பான், வேறு ஒரு வார்த்தை எழுத மாட்டான். நானா அப்படி விடுவேன்? '1147 ஆஜர். இன்றைக்கு ரயிலைவிட நான் சீக்கிரம். சூப்பர்வைசர் ஐயா கோபத்தைக் குறைத்துக்கொண்டு மோர் குடிக்கவும்' என்று எழுதி அனுப்பினேன். பழக்கதோஷம், பொத்தானைத் தட்டும்போது இருமினேன்.

பலகை களைகட்டிவிட்டது. 'கிரேன் பேச ஆரம்பித்துவிட்டது!' என்று ஒருவர் எழுதினார். 'மோர் அனுப்பி வை' என்று சூப்பர்வைசரே எழுதினார். அதற்கும் நான் அவன் பெயரில் பதில் போட்டேன். அரை மணி நேரம் அவனாக இருந்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

எழுந்து கிளம்பும்போது டைப்ரைட்டிங் அம்மா கேட்டார்: "சார், அவரு வரவே இல்லியே?"

"வருவாரும்மா. டீ வாங்கித் தர வந்துதானே ஆகணும்."

வரவில்லை. மறுநாள் காலை எனக்குச் சேர வேண்டிய டீயை வாங்கிக் குடித்தே தீருவது என்று ரயிலேறினேன். அதற்காகத்தான் போனேன். வேறு எந்த நல்ல எண்ணமும் எனக்கு இல்லை.

வெளிக்கதவு கொண்டி போட்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்பக்கம் சுற்றிப்போனேன். கொல்லையில் குளியலறை வாசலில் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஒழுகுகிற குழாய்க்குக் கீழே வாய் எட்டுகிற தூரம்வரை உடம்பை இழுத்துவந்திருக்கிறான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"தெரியும்டா," என்றான். "டோக்கன் வியுலன்னா வருவேன்னு தெரியும்."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பலகையில் என்னைக் கொண்டாடினார்கள். உயிரைக் காப்பாற்றியவன் என்று வெல்டரின் மனைவி எழுதினார். மகள் திருச்சியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கையை. இன்றைக்கும் அந்த ஈரம் அதில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

வம்பு அதற்கப்புறம்தான். எப்போது விழுந்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவன் சொன்னான்: "நாய்த்துக்கியம பூசைக்குப் போய்ட்டு வந்து காலு கய்வப் போனேன்." சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "இல்லப்பா. திங்கட்கிழமை ஆவடிக்கு வந்து டோக்கன் போட்டிருக்கே. மோர் குடிக்கச் சொல்லி என்னையே கிண்டல் பண்ணியே. அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கே."

கிரேன்காரன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆரஞ்சை அவ்வளவு கவனமாக அதற்கு முன்னும் பின்னும் நான் உரித்ததில்லை.

மகள் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். "அங்கிள், அப்பாவுக்கு நாளே கொழம்பிப் போச்சு. ரெண்டு ராத்திரி கெடந்தேன்னு சொல்றாரு. போற ரயிலையெல்லாம் எண்ணினேன்னு சொல்றாரு. ஆவடிக்குப் போய்ட்டு வந்ததே ஞாபகம் இல்ல. கால் சரியானாகூட இனிமே தனியா விட முடியாது. வீட்டை வித்துட்டு என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"பாவம்மா," என்றேன். கெட்டிக்காரப் பேச்செல்லாம் பேசுகிற வாய், அந்த ஒரு வார்த்தைக்கு மேல் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது. சோற்றில் கை வைத்தால் டிங், டிங். பல் தேய்த்தால் டிங், டிங். பெட்டிக்குள் இரண்டு டோக்கன் விழுகிற சத்தம். ஒன்று என்னுடையது. இருமிப் பார்த்தேன், அடங்கவில்லை. பலகையைத் திறந்தால் அந்தத் திங்கட்கிழமை அப்படியே இருந்தது. நான் அவனாக இருந்து சிரிக்க வைத்த அரை மணி நேரத்தில் குழாய் எத்தனை சொட்டு சொட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அங்கே தரையில் கிடந்தபோது, இங்கே பத்தொன்பது பேரில் ஒருவனாக நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். யார் அவன்?

மூன்று மாதம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று போவேன், ஜோக் சொல்லிவிட்டு வருவேன்.

வாக்கர் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறினான். மகள் லீவு போட்டு வேப்பம்பட்டில் கூடவே இருந்தாள். வீட்டை வாங்குவதற்குப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டான்:

"டேய், நான் நெஜமாலுமே அன்னிக்கி ஆவடி வந்தனா? எல்லாரும் சொல்றாங்க. ரயில் எண்ணது கனாவா இருக்குமோ? மூள கொயம்பிடிச்சாடா எனுக்கு?"

பத்து டன் தொங்கும்போதுகூட அவன் குரலில் சந்தேகத்தை நான் கேட்டதில்லை. நான் கட்டைவிரலைக் காட்டினால் தூக்குவான், அவ்வளவுதான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறே" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை ஆட்டோ பிடித்து, மகளோடு டைப்ரைட்டிங் அம்மாவின் இடத்துக்கே வந்துவிட்டான். நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வாக்கரை டக் டக்கென்று வைத்து உள்ளே வந்தான்.

"மேடம், நான் வியுந்த வாரம் போட்டது இருக்கும்ல? காட்டுங்க. நானே பாத்துக்கிறேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மூன்று மாதமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் காட்டினார்.

உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். ஆஜர். ரயிலைவிடச் சீக்கிரம். மோர். கீழே வந்து, மற்றவர்கள் எழுதியது, அதற்கு 'அவன்' எழுதியது, எல்லாம் படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தான். எனக்கு இருமல் வந்தது. நிஜ இருமல்.

திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "ரெண்டு ராத்திரி. நான் சொன்னேன்ல? நான் எண்ணது கரெக்டுடா."

"ஆமா," என்றேன்.

"மூளையும் கரெக்டு."

"ஆமாடா."

திரையிலிருந்து விரலை எடுத்தான். பிறகு சட்டைப் பையைத் தடவிக்கொண்டே எழுந்தான்.

"அப்ப டீ என்னுது. வா."

எதிர்க்கடையில் அவன்தான் சொன்னான், அவன்தான் காசு கொடுத்தான். நான் வேண்டாம் என்றேன். "குட்றா," என்றான். "சட்டம் சட்டம்தான்." குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள். கிளாஸைக் கீழே வைத்ததும் ரோட்டைத் தாண்டிப் பெஞ்சில் இருந்த மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. அப்பாவைப் போய்ப் பார்த்தாள். "ரயில் எண்ணினேன்னு சொன்னீங்களேப்பா," என்றாள்.

அன்றைக்கே பலகையிலும் எழுதினேன், என் எண்ணில். சூப்பர்வைசர் அதற்குப் பதில் எழுதவில்லை, எனக்குப் போன் செய்தார். மெமோ கொடுப்பார் என்று நினைத்தேன். "என்னய்யா, என் வாய்க்குப் பயந்துதானே போட்டே?" என்று கேட்டார். என் பதிலுக்கு நிற்காமல் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் 'தாமதம்' என்று எழுதியதில்லை.

வீடு விற்கப்படவில்லை. மகள் ஒரு மாதம் இருந்துவிட்டு, போன் இணைப்பும் வாங்கிக் கொடுத்து, தனியாகத் திருச்சி போனாள். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார்கள். புதியது என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேப்பம்பட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒருவர் வீட்டுக்கு ஆட்டோவில் போய் அவன் டோக்கன் போட்டான். திங்கள், வியாழன் இரண்டு நாளும் பத்தரை மணிக்குள் வந்துவிடும். 1147, ஒரு புள்ளி. அவன் கை என்று பார்த்தாலே தெரியும்.

எனக்கு மட்டும் அது போதவில்லை. 1147 பலகையில் விழுந்ததும் எழுந்து ஸ்டேஷனுக்குப் போவேன். வேப்பம்பட்டில் இறங்கி, காலி மனைகளுக்கு நடுவே நடந்து, அவன் வீட்டுக் கேட்டைத் தட்டுவேன். இடுப்பு சரியாகக் கூடவில்லை, அவன் எழுந்து வர நேரமாகும். அதனால் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டிக் காட்டுவான். கட்டைவிரல் மேலே.

ஒருநாள் தட்டித் தட்டிப் பார்த்தேன், கை வரவில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு ரயில் போனது. எண்ண ஆரம்பித்தேன், ஒன்று. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று போனது, இரண்டு. கேட்டைத் தாண்டிக் குதிக்கலாம் என்று ஒரு காலைத் தூக்கினபோது ஜன்னலில் கை தெரிந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நிறுத்து.

"எத்தினி எண்ணே?" என்று உள்ளேயிருந்து குரல்.

"ரெண்டு."

"நான் அம்பத்தி மூணு," என்றான். "கதவு தொறந்துதான் கீது. வா, டீ போட்டு வெச்சிகிறேன்."